கருத்துப் பெட்டியைத் திறந்தால் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கத்துச் செய்திகளுக்காக மூன்று பேர் சேர்ந்து ஒரு தளம் நடத்துகிறீர்கள். போன மாதம் ஒரு கோயில் திருவிழாச் செய்தியின் கீழே வாசகர்களுக்குள் சாதிச் சண்டை மூண்டது. ஒருவர் போலீசுக்குப் போவேன் என்று எழுதியதும் கருத்துப் பெட்டியை மொத்தமாக மூடிவிட்டீர்கள். இப்போது சில வாசகர்கள் இது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்கிறார்கள். 'செய்தித் தளம் என்றால் வாசகர் கருத்தை அனுமதித்துத்தான் ஆக வேண்டுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. கீழே யாரோ எழுதிவிட்டுப் போவதற்கு நாம் எவ்வளவு தூரம் பொறுப்பு என்பதுதான் அது. இதற்கு விடை கிடைத்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

நான் சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். முதல் பாதி ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் போனது. பிற்பாதியில், இணையப் பதிப்புக்கு வரும் கருத்துகளைப் படித்து, எதை விடுவது எதை நிறுத்துவது என்று முடிவு செய்யும் வேலை. வக்கீல் இல்லை. அதனால் சட்டம் வரும் இடத்தில், எது தீர்ந்துபோன விஷயம், எது இன்னும் இழுபறி என்று பிரித்துச் சொல்கிறேன். கையில் நோட்டீஸ் வந்துவிட்டால் என் பதிலை ஒதுக்கிவிட்டு வக்கீலிடம் போங்கள்.

என் முடிவு இது. அனுமதிக்கலாம். ஆனால் வெளியாகும் முன் ஒவ்வொன்றையும் படிக்க ஆள் இருக்கும் செய்திகளுக்கு மட்டும், அந்த ஆள் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டும். ஆளில்லாமல் திறந்து கிடப்பதற்கு மூடிக் கிடப்பது எவ்வளவோ மேல்.

கடிதப் பகுதியில் பதினோரு மணி வாக்கில் தபால் கட்டு வரும். போஸ்ட் கார்டுகளைத் தனியே எடுத்துவிட்டு, இன்லண்டுகளை மர ஸ்கேலை விட்டுக் கிழிப்போம். மடிப்பு வரைக்கும் நெருக்கி எழுதியிருப்பார்கள், கையால் கிழித்தால் ஒரு வரி போய்விடும். மேஜையில் மூன்று அடுக்கு: போடலாம், விசாரிக்கணும், வேண்டாம். எப்போதும் நடு அடுக்குதான் உயரமாக இருக்கும். 'எங்கள் தெரு ரேஷன் கடையில் எடை குறைகிறது' என்று கடைக்காரரின் பெயரோடு ஒருவர் எழுதியிருப்பார். அவர் கொடுத்த விலாசத்துக்கே ஒரு கார்டு போட்டு, 'இது நீங்கள் எழுதியதுதானா?' என்று கேட்போம். 'நான் எழுதவே இல்லையே' என்று பதில் வந்த சந்தர்ப்பங்கள் உண்டு. பங்காளித் தகராறில் ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதுவதெல்லாம் இணையம் கொண்டுவந்த பழக்கம் இல்லை. எங்கள் மூத்த உதவி ஆசிரியர், புதிதாக வருபவர்களுக்குப் பேப்பரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்களைக் காட்டுவார். 1867-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிய வரி அது. "எழுதினவர் யாருன்னு நமக்கு மட்டும்தான் தெரியும், நாம யாருன்னு ஊருக்கே தெரியும். வழக்குன்னா இங்கதான் முதல்ல வருவாங்க" என்பார்.

வாசகர் கடிதத்தை நான் சின்ன விஷயமாக நினைப்பதே இல்லை. புதுச்சேரியில் இருந்த காலத்தில் பாரதியே 'தி ஹிந்து'வுக்கு ஆசிரியர் கடிதங்கள் எழுதியிருக்கிறார். பேப்பர் வந்ததும் தினமலரின் 'இது உங்கள் இடம்' பகுதியைத்தான் முதலில் திருப்பும் வீடுகள் எனக்குத் தெரியும். இணையத்துக்குப் போனபோது அந்த ஆர்வம் அப்படியே கூட வந்தது. அந்த நடு அடுக்குதான் வரவில்லை.

அது வராததால் என்ன ஆனது என்பதை நானே பார்த்தேன். 2015-க்குப் பிறகு ஒரு ராத்திரி ஷிஃப்ட். புறநகரில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த பாலியல் கொடுமை பற்றிய செய்தி. நிருபர் ஊர் பெயரைக்கூடப் போடவில்லை. பதினொன்றே முக்கால் மணிக்கு வரிசையில் இருநூறு கருத்துகளுக்கு மேல் நின்றன, பெரும்பாலும் 'தூக்கில் போடணும்' ரகம். டிக் போட்டுக்கொண்டே வந்தேன். நடுவில் ஒன்று: 'பாவம் சார், அந்தப் பொண்ணோட அப்பா எங்க தெரு முனையிலதான் இஸ்திரி வண்டி வச்சிருக்கார், ரொம்ப நல்ல மனுஷன்.' கெட்ட வார்த்தை இல்லை. யாரையும் திட்டவில்லை. எழுதியவர் தன் பெயரோடு தன் பேட்டையின் பெயரையும் சேர்த்துப் போட்டிருந்தார், அதை என் கண் தாண்டிவிட்டது. டிக் போட்டேன். மறுநாள் காலை சிறுமியின் தாய்மாமா ஆபீசுக்குப் போன் செய்தார். கத்தவில்லை. "சார், வண்டிகிட்ட ஆளுங்க வந்து நின்னு பாத்துட்டுப் போறாங்க சார்" என்றார். உடனே நீக்கினோம். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் அந்தப் பேட்டை வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி முடித்திருந்தது. பள்ளி திறக்கும் முன்பே அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. அந்தக் கருத்தை எழுதியவரும் நல்லெண்ணத்தில்தான் எழுதினார். வெளியிட்டது நான்.

இந்த வகைச் செய்தியில் சட்டம் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தால் ஒழிய, குழந்தையின் பெயர், விலாசம், படம் மட்டுமல்ல, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது என்கிறது. ஊழியர் செய்த தவறுக்கு உரிமையாளரும் வெளியிடுபவரும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெரியவர்களின் அடையாளத்தை வெளியிடுவதும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி குற்றம்.

இழுபறி எல்லாம் அவதூறு, வசை வகைகளில்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, பிறர் எழுதுவதை ஏற்றிச் செல்லும் இடைநிலையாளருக்கு ஒரு பாதுகாப்பு கொடுக்கிறது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66-ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில் இதையும் விளக்கியது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்த பிறகும் நீக்காமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு போகும் என்றது. இதைக் காட்டி 'நமக்கு ஒன்றும் ஆகாது' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. யூடியூப் இடைநிலையாளர் என்பதில் குழப்பம் இல்லை. தானே செய்தி எழுதி, வரும் கருத்துகளைத் தானே பொறுக்கி வெளியிடும் ஒரு தளம், பெட்டிக்கு மட்டும் வெறும் இடைநிலையாளர் ஆகுமா என்பது வழக்குக்கு வழக்கு வாதாடித் தீர வேண்டிய சங்கதி. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு முகநூல் பதிவைப் பகிர்ந்த வழக்கில், 'நான் எழுதவில்லை, பகிர்ந்தேன், அவ்வளவுதான்' என்ற வாதத்தை நம் சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் ஏற்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டில் ஒரே நீதிமன்றம் இரண்டு பக்கமும் போயிருக்கிறது. எஸ்டோனியாவில் டெல்ஃபி என்ற செய்தித் தளம் 2006-ல் ஒரு படகுப் போக்குவரத்துக் கம்பெனியைப் பற்றி எழுதிய செய்தியின் கீழே இருபது வசைக் கருத்துகள் வந்தன. வக்கீல் கடிதம் வந்த அன்றே நீக்கினார்கள், ஆனால் அவை ஆறு வாரம் அங்கே இருந்துவிட்டன. அதற்காக 320 யூரோ நஷ்டஈடு விதிக்கப்பட்டதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015 ஜூனில் சரி என்றது. மறு வருடம் பிப்ரவரியில் ஹங்கேரி வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் தளத்தின் பக்கம் நின்றது. அங்கே வந்தவை தரக்குறைவான பேச்சுதான், வெறுப்பையோ வன்முறையையோ தூண்டியவை அல்ல என்பது வித்தியாசம். இந்த வித்தியாசத்தைத் தினமும் ராத்திரி உட்கார்ந்து பிரித்துப் பார்க்க உங்கள் மூன்று பேரில் யாருக்கு நேரம் இருக்கிறது?

சட்டம் இருக்கட்டும், வாசகருக்கு இந்தப் பெட்டி என்ன செய்கிறது? அமெரிக்காவின் 'பாப்புலர் சயின்ஸ்' 2013-ல் பெட்டியை மூடியபோது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தாரின் ஓர் ஆய்வைக் காட்டியது. 1,183 பேருக்கு நானோ வெள்ளி (மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள்) பற்றி ஒரே கட்டுரையைக் கொடுத்து, சிலருக்குக் கீழே மரியாதையான கருத்துகளையும் சிலருக்கு வசைகளையும் வைத்தார்கள். வசைகளைப் படித்தவர்கள், கட்டுரையில் சொன்ன ஆபத்தைப் பற்றி ஆளுக்கொரு பக்கமாகக் கூடுதலாகப் பிரிந்து நின்றார்கள். கட்டுரையில் ஓர் எழுத்து மாறவில்லை. அங்கே பொது வானொலியான என்பிஆர் 2016-ல் மூடும் முன் கணக்குப் பார்த்தது: ஒரு மாதத்தில் தளத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 3.3 கோடி, வந்த கருத்துகள் 4,91,000, எழுதியவர்கள் வெறும் 19,400 பேர். பத்தாயிரத்துக்கு ஆறு பேர். 'வாசகர்கள் இப்படி நினைக்கிறார்கள்' என்று நாம் சொல்லிக்கொள்வது இந்த ஆறு பேரை வைத்துத்தான். அதே வருடம் 'கார்டியன்' தன் தளத்துக்கு வந்த 7 கோடி கருத்துகளை அலசிப் பார்த்தது. அதிகமாக ஏசப்பட்ட பத்து எழுத்தாளர்களில் எட்டுப் பேர் பெண்கள், மற்ற இருவர் கறுப்பின ஆண்கள். எங்கள் ஆபீசிலும் பெண் நிருபர்கள் எழுதிய செய்திக்குக் கீழே என்ன வரும் என்று எனக்குத் தெரியும். சாலைப் பள்ளத்தைப் பற்றி எழுதினால்கூட அவர் உடுப்பைப் பற்றி ஒருவர் எழுதுவார். ஓர் இளம் பெண் நிருபர், தன் பெயரில்லாமல் 'நமது நிருபர்' என்று போடச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார். அவர் உழைத்து எழுதிய செய்தி அது.

இவ்வளவு சொன்ன நானே முழுக்க மூடிவிடுங்கள் என்று சொல்லாததற்குக் காரணம் 2015 டிசம்பர் வெள்ளம். நீங்கள் முடிச்சூர்க்காரர், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டிசம்பர் 2 அன்று 'தி ஹிந்து' சென்னையில் அச்சாகவே இல்லை, மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. பேப்பர் தொடங்கிய 1878 முதல் அப்படி நடந்ததில்லை என்றார்கள். பேப்பர் போகாத இடத்துக்கு எங்கள் இணையச் செய்தி போனது, செய்தியைவிடக் கீழே இருந்த கருத்துகள் பயன்பட்டன. துபாயிலிருந்து ஒரு மகன், 'அம்மா முடிச்சூரில் முதல் மாடி, இன்சுலின் தீர்ந்துவிட்டது' என்று எழுதுகிறார். அடுத்த தெருக்காரர் ஒருவர், 'படகு பெட்ரோல் பங்க் வரைக்கும்தான் வருது, அங்கிருந்து நடந்துதான் வரணும்' என்று பதில் போடுகிறார். அந்த மூன்று நாளும் நாங்கள் நான்கு பேர் மாறி மாறி உட்கார்ந்தோம். வந்த உதவி எண்ணை எல்லாம் ஒவ்வொன்றாகப் போன் போட்டுப் பார்த்தோம். பல எண்கள் எடுக்கப்படவில்லை, சில எண்கள் யாரோ சம்பந்தமில்லாத வீட்டில் அடித்தன. எடுத்த எண்களை மட்டும் மேலே நிறுத்தினோம். பழைய நடு அடுக்கை எங்களையறியாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. படிக்கும் ஆள் இருந்தால் கருத்துப் பெட்டி என்ன செய்யும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

'இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, அது படித்துக்கொள்ளாதா?' என்று நீங்கள் கேட்கலாம். ஆபாச வார்த்தைகளைப் பிடிக்க உதவும், அந்த அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் இது தனிச் சிக்கல். ஒரே ஆள் ஒரே வரியில் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் மாறி மாறித் தட்டுவார், கெட்ட வார்த்தையின் நடுவில் புள்ளி வைப்பார். ஆராய்ச்சியாளர்கள் இதற்கென்றே யூடியூபின் தமிழ்க் கருத்துகளைத் திரட்டி 2021-ல் போட்டியே நடத்தினார்கள், இன்றும் வேலை முடிந்தபாடில்லை. கெட்ட வார்த்தையே இல்லாத வசைதான் நம்மூரில் அதிகம். 'அவங்க ஆளுங்க எப்பவுமே அப்படித்தான்', 'கோட்டாவுல வந்தவர்தானே', 'ரத்தம் பேசுது' என்று எழுதினால் எந்த வடிகட்டியில் நிற்கும்? எந்த ஊர்ச் செய்தியின் கீழே எழுதியிருக்கிறார் என்று பார்த்தால்தான் அது யார் மேல் எறிந்த கல் என்று புரியும். உங்கள் திருவிழாச் செய்தியில் முதலில் வந்த கருத்தை நீங்களே எடுத்துப் பாருங்கள். அனேகமாக அது திட்டாக இருக்காது, பழைய பெருமை பேசுவதாக இருக்கும்.

உண்மைப் பெயர் கேட்டால் ஒழுங்காக எழுதுவார்கள் என்ற யோசனையும் எல்லோருக்கும் வரும். தென் கொரியா 2007-ல் பெரிய தளங்களுக்கு அதைச் சட்டமாகவே போட்டது. 2011-ல் ஒரு தளத்திலிருந்து மூன்றரைக் கோடிப் பேரின் விவரம் திருடு போனது. 2012-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்துவிட்டது. கவுன்சிலர் மேல் புகார் சொல்லும் ஒருவர் அதே வார்டில்தான் குடியிருக்க வேண்டும், அவர் பெயரை வெளியே போடச் சொல்வது நியாயம் இல்லை. புனைபெயர் இருக்கட்டும். ஒரு போன் எண் மட்டும் உங்களிடம் இருக்கட்டும், அதை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

கருத்துச் சுதந்திரம் பற்றி: அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு முக்கியமாகக் கட்டுப்படுத்துவது அரசை. எல்ஐசி தன் இதழில் ஒருவரின் மறுப்பைப் போட மறுத்தபோது, போட்டே ஆக வேண்டும் என்று 1992-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் எல்ஐசி அரசு நிறுவனம் என்பதால்தான் அது. உங்கள் தளத்துக்கு அந்தக் கடமை இல்லை. ஆனாலும் உங்கள் செய்தியில் பெயர் அடிபட்ட ஒருவர் மறுப்பு அனுப்பினால் போடுங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, அது பத்திரிகை தர்மம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? குடிநீர், வடிகால், பஸ், மின்வெட்டு, ஏரி ஆக்கிரமிப்பு போன்ற ஊர்ப் பிரச்சினைச் செய்திகளுக்குப் பெட்டியைத் திறங்கள். உங்கள் பகுதிவாசி உங்கள் நிருபரைவிட அதிகம் தெரிந்தவராக இருப்பது இங்கேதான். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, இரண்டு நாளைக்கு. அப்புறம் பூட்டிவிடுங்கள். பாலியல் குற்றம், குழந்தைகள், தற்கொலை, சாதிக் கொலை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகியவற்றுக்குத் திறக்கவே வேண்டாம். திருவிழாவையும் இதில் சேர்க்கலாமா என்பது ஊர் நிலவரத்தைப் பொறுத்தது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நிருபரையே இறங்கிப் பதில் சொல்லச் சொல்லுங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஓர் உள்ளூர் டிவியின் முகநூல் பக்கத்தில் சோதித்தபோது, நிருபரே பதில் சொன்ன பதிவுகளில் மரியாதைக்குறைவான கருத்து வரும் வாய்ப்பு 15 சதவீதம் குறைந்தது. என் அனுபவத்திலும் 'வணக்கம், நான்தான் எழுதினேன், சொல்லுங்கள்' என்று ஒரு வரி போட்டால் பாதிப் பேர் 'சார்' போட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நார்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் ஒரு பிரிவு 2017-ல் செய்தியிலிருந்து மூன்று கேள்வி கேட்டு, சரியாகச் சொன்னவர்களை மட்டும் எழுதவிட்டது. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பொங்குபவர்களுக்கு அது நல்ல வேகத்தடை. இதற்கும் ஆள் இல்லை என்றால், ஒரு வாட்ஸ்அப் எண் கொடுத்து, வந்தவற்றில் பத்தை விசாரித்து வாரம் ஒருமுறை 'வாசகர் கடிதம்' என்று போடுங்கள். மூன்று பேர் நடத்தும் தளத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தளத்தில் மூடிவிட்டு முகநூல் பக்கத்தில் திறந்து வைப்பது தீர்வு இல்லை. தங்கள் முகநூல் பக்கத்தில் வந்த கருத்துகளுக்கு ஊடக நிறுவனங்களே வெளியிட்டவர்கள் என்று 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அங்கே எழுதுவதும் உங்கள் ஊர்க்காரர்தான், காயப்படுவதும் உங்கள் ஊர்க்காரர்தான்.

பெட்டி பற்றிய முடிவை நிதானமாக அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம். இன்று ராத்திரி ஒன்று செய்யுங்கள். பெட்டி மூடியிருந்தாலும் பழைய கருத்துகள் அப்படியேதான் இருக்கும். உங்கள் தளத்தில் போக்சோ, பாலியல் புகார், தற்கொலை என்று வந்த செய்திகளை எல்லாம் எடுத்து, கீழே இருப்பதை ஒன்று விடாமல் படியுங்கள். வசையைத் தேடாதீர்கள். 'எங்க தெரு', 'நம்ம ஸ்கூல்', 'அவங்க அப்பா' என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள்.